வெப்குவெஸ்ட்

வெப்குவெஸ்ட் என்பது மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஆசிரியர் முன்கூட்டியே தெரிவு செய்த இணையப் பக்கங்களைக் கொண்டு ஒரு வினாவுக்கு விடை காணும் கற்பித்தல் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ச் 1995 இல் டாம் மார்ச்சுடன் இணைந்து இதனை உருவாக்கினார்.

பெண் அறிவியலாளர்களையும் சிறுபான்மை இன அறிவியலாளர்களையும் அறிமுகப்படுத்த இம்முறை ஏற்றது. அதன் தேவை பெரிது. அறிவியலாளர் ஒருவரை வரையுமாறு சிறார்களிடம் கேட்டு டேவிட் சேம்பர்சு 1983 இல் வெளியிட்ட ஆய்வில், 4807 பேருள் 28 பேரே பெண்ணை வரைந்திருந்தனர். அந்த 28 பேரும் சிறுமியர்.

வினாவை அமைப்பதில்தான் ஆசிரியரின் திறமை உள்ளது. "பெர்சி சூலியன் யார்?" என்று கேட்டால் மாணவர்கள் ஏதேனும் ஒரு பக்கத்தைப் படியெடுத்துத் தந்துவிடுவர். கண் அழுத்த நோய்க்கு மருந்தாகும் பைசோசுடிக்மைனை 1935 இல் ஆய்வகத்தில் தொகுத்த இக்கறுப்பின வேதியியலாளருக்கு, அந்த ஆய்வு நிகழ்ந்த டிபா பல்கலைக்கழகமே பேராசிரியர் பதவி தர மறுத்தது ஏன் என்று கேட்டால் வேலை பிரிகிறது. ஒருவர் வேதியியலையும், மற்றொருவர் அக்கால இனப்பாகுபாட்டையும், வேறொருவர் அவர் பின்னர் தொழில் நிறுவனத்தில் செய்த ஆய்வுகளையும் படித்து, ஒன்றுகூடி விவாதித்தாலன்றி விடை கிட்டாது.

குறைபாடு

இணையத்தில் இடம்பெறாதவரை இம்முறையால் கண்டறிய இயலாது. 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்படும்வரை, டோனா சிட்ரிக்லாண்டு பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. அவ்வாண்டு ஒருவர் எழுதி அளித்த வரைவு, சான்றுகள் போதா என்று மே மாதம் மறுக்கப்பட்டது. பரிசுக்குக் காரணமான ஆய்வுக் கட்டுரையோ 1985 இலேயே வெளிவந்திருந்தது.