உலர்துறையும் உடலும்

ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள கார்டன் ரீச்சில் 1884 முதல் கப்பல் பணிமனை இயங்கி வருகிறது. ஓட்டை விழும்வரை காத்திராமல், கப்பல்களை நீர் வடித்த உலர்துறையில் நிறுத்திச் சோதிப்பது வழக்கம். மனித உடலுக்கும் இது பொருந்தும்.

உணவுப்பாதையின் நுழைவாயில் வாய். புகையிலை வாய்ப்புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம். இந்நோய்க்கு முன் வெண்திட்டோ செந்திட்டோ ஆறாத புண்ணோ தோன்றலாம்; தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. பயிற்சி பெற்ற பணியாளர் விளக்கொளியில் வாயைப் பார்த்தே இம்மாற்றங்களைக் கண்டறிவார்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை 35 வயது நிரம்பியோரிடையே இச்சோதனை நடைபெற்றது. சோதனை நடந்த பகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு, பிற பகுதிகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும், மருத்துவரைக் காணுமாறு கூறப்பட்ட 5,145 பேரில் 3,218 பேரே சென்றனர். சோதனை மட்டும் உயிர் காக்காது; அடுத்த படியையும் ஏறவேண்டும்.

30 வயது நிரம்பியோருக்கு வாய்ச்சோதனை செய்ய 2016இல் நடுவணரசு வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. அயல்மொழி அறிவிப்புகளைப் படிக்க இயலாத தமிழ்ப் பெரியோர் பலர் நகரங்களில் வாழ்கின்றனர். பள்ளியில் அம்மொழியைக் கற்கும் பிள்ளைகள் அறிவிப்பின் பொருளைத் தமிழில் எடுத்துரைத்து, அவர்களுடன் மருத்துவமனைக்கும் செல்லலாம்.