கோத்தா தம்பானின் கல் பட்டறை

1938இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த எச். டி. காலிங்ஸ், இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்கில் தோண்டினார். கோத்தா தம்பான் என்ற அந்த இடத்தில் கிடைத்தவை உடைந்த கூழாங்கற்கள். மனிதன் உடைத்ததா, ஆறு உருட்டி உடைத்ததா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அடிக்குச் சாட்சி கல்லிலேயே இருக்கும். கூழாங்கல்லின் நடுவில் ஓங்கி அடித்தால் அது நசுங்கும், அல்லது கை வலிக்கும். விளிம்பில், செங்கோணத்தைவிடக் குறுகலான இடம் பார்த்து இன்னொரு கல்லால் சாய்த்துத் தட்டினால் கத்திபோல ஒரு சில்லு பெயரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லில் ஒரு சின்னப் புடைப்பு. தாய்க்கல்லில் அதற்கு நேராக ஒரு குழி. ஆறும் எப்போதாவது ஒரு சில்லைப் பெயர்க்கும். அடுத்தடுத்து, ஒரே விளிம்பில், ஒழுங்காகப் பெயர்க்காது.

1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஸுரைனா மஜீத் அங்கே மீண்டும் தோண்டியபோது ஒரு பட்டறையே வெளிப்பட்டது. சுத்தியல் கல், பட்டடைக் கல், பாதியில் விட்ட கருவி, ஆயிரக்கணக்கான சில்லுகள் எல்லாம் கலையாமல் கிடந்தன. என்னைக் கேட்டால், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் அழகான கைக்கோடாரியைவிட இந்தக் குப்பைதான் அதிகம் பேசும். கருவி எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். சில்லு விழுந்த இடத்தில்தான் மனிதன் உட்கார்ந்திருந்தான்.

அந்த மண்ணோடு எரிமலைச் சாம்பலும் கிடந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது வந்து படிந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்பது ஸுரைனாவின் கருத்து. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் அதே சாம்பல் உண்டு. அங்கே சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கருவிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. தட்டும் கை அங்கே நின்றுவிடவில்லை.

நம் ஊர்ப் பக்கம் கதை இன்னும் பழையது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டிய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. ஆனால் என்னை அசத்துவது மேலடுக்கு. ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன், அங்கிருந்தவர்கள் கல்லைச் சுற்றிலும் முதலிலேயே செதுக்கித் தயார்செய்து, கடைசி ஒரே அடியில் நினைத்த வடிவத்தில் சில்லை எடுத்தார்கள். ஐந்தாறு அடிக்கு அப்பால் வரப்போவதை மனத்தில் பார்க்கத் தெரியாதவனால் இது முடியாது.

கோத்தா தம்பானில் தட்டியவர்கள் எந்த மனித இனம் என்று சொல்ல எலும்பு கிடைக்கவில்லை. 1991இல் அதே பள்ளத்தாக்கின் குகையில் கிடைத்த ‘பேராக் மனிதன்’ சுமார் 10,000 ஆண்டுக்காரர். பட்டறைக்கு மிகப் பிந்தியவர்.

லெங்கோங் 2012 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம். ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஈப்போ வரை வண்டி ஓட்டுகிறவர்கள், கோலகங்சாரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கோத்தா தம்பான் காட்சிக்கூடத்தையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்குச் சில்லின் புடைப்பைக் காட்ட மறக்காதீர்கள்.