கணிப்பொறிக்குள் இருக்கும் குமாஸ்தாக்கள்

நம் கரமனைத் தெருக்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் தினமும் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் தந்த வாழ்வு அது. சாயந்திரம் வந்து ‘டெப்ளாய்மெண்ட்’ என்பார்கள், ‘ஏஜெண்ட்’ என்பார்கள். பெரியவர்களாகிய நாம் தலையை ஆட்டிக்கொண்டு காப்பியைக் குடிப்போம். சாலைக் கடைத்தெருவில் பல வருஷம் சரக்கு வாங்கி விற்றவன் நான். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில், இது நமக்குத் தெரிந்த கிட்டங்கி விவகாரம்தான் என்று பட்டது. அன்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு கம்பெனியில் பத்தாயிரம் கணிப்பொறிகள். எல்லாவற்றிலும் ஒரு புதிய மென்பொருளை ஏற்ற வேண்டும். ஆள் விட்டு ஒவ்வொன்றாய்ப் போட முடியுமா? இதற்காக மைக்ரோசாஃப்ட் 1994இல் ‘சிஸ்டம்ஸ் மேனேஜ்மெண்ட் சர்வர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2007இல் அதற்குக் ‘கான்ஃபிகரேஷன் மேனேஜர்’ என்று பேர் மாறியது. தலைமையிடம் சரக்கைக் கொண்டுபோய் ஒவ்வொரு கணிப்பொறியிலும் திணிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு கணிப்பொறியிலும் ‘கிளையண்ட்’ என்ற சிறு மென்பொருள் குடியிருக்கிறது. கேட்பது, வாங்குவது, பிரிப்பது, கணக்குச் சொல்வது எல்லாம் அதன் வேலை. தலைமையிடம் உத்தரவை எழுதி வைக்கும், அவ்வளவுதான்.

வெளியே பார்த்தால் கிளையண்ட் ஒரே சேவை. உள்ளே பல குமாஸ்தாக்கள். முதல் ஆள் உத்தரவு கேட்பவர். நாம் மாற்றாவிட்டால் 60 நிமிஷத்துக்கு ஒருமுறை ‘மேனேஜ்மெண்ட் பாயிண்ட்’ என்ற சர்வரிடம் போய் ‘எனக்கு ஏதாவது உண்டா?’ என்று கேட்பார். இருப்பு எடுப்பவர் வேறு ஆள். என்ன வன்பொருள், என்ன மென்பொருள் என்று வழக்கமாக வாரம் ஒருமுறை எழுதி அனுப்புவார். சரக்கு எடுத்து வருபவர் மூன்றாமவர். அவர் போவது உத்தரவு தந்த இடத்துக்கு அல்ல, ‘டிஸ்ட்ரிப்யூஷன் பாயிண்ட்’ என்ற கிட்டங்கிக்கு. மற்றவர்கள் வேலை கெடாதபடி, இணைப்பில் மிச்சமிருக்கும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்குவார். கரண்ட் போய் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வந்ததை ஒரு தற்காலிக அறையில் வைத்து, முத்திரை எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போகாவிட்டால் சரக்கு உள்ளே ஏறாது. நம் கடைகளிலும் இந்தக் கண்டிப்பு இருந்திருந்தால் எவ்வளவு நஷ்டம் மிஞ்சியிருக்கும்!

பிறகு நிறுவுபவர் வருவார். ஏற்கெனவே அந்த மென்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, அனுமதித்த நேரத்தில் மட்டும் போடுவார். போட்டது தேறியதா, தவறியதா என்று தலைமையிடத்துக்குச் சீட்டு எழுதுபவர் இன்னொருவர். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளை யாராவது திறந்தாவது பார்க்கிறார்களா என்று கணக்கெடுக்கிறவரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி நாளேடு. கோளாறு வந்தால் எந்த ஏட்டைப் புரட்டுவது என்று தெரிந்தவரே இத்தொழிலில் கெட்டிக்காரர்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? உத்தரவு என்பது ஒரு சீட்டு, கனமில்லை, அடிக்கடி கேட்கலாம். சரக்கு மூட்டை, அதை அடிக்கடி சுமக்க முடியாது. அதோடு எந்தக் குமாஸ்தா வேண்டும், எவர் வேண்டாம் என்று தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். 2012 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாட்டைக் கணிப்பொறிக் கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றவும் வழி வந்தது. கணக்குப் பிரிவுக்கு ஒன்று, வரவேற்பு மேஜைக்கு வேறொன்று.

நம் பக்கத்துப் பூஜப்புரையில் ‘கைட்’ அலுவலகம் இருக்கிறதே, கேரளப் பள்ளிகளுக்கு அவர்கள் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். அங்கே ‘ஆப்ட்’ என்ற கருவி, பட்டியலிலுள்ள கிட்டங்கிகளிடம் விலாசம் பார்த்துப் போய், கையொப்பம் சரிபார்த்து வாங்குகிறது. உத்தரவு போடும் முதலாளி அதில் கட்டாயமில்லை.

சரி, இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியானது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக ‘வானாக்ரை’ புகுந்தது. இடையில் 59 நாள். உலகெங்கும் எத்தனையோ அலுவலகங்களில் திருத்தம் போடப்படாமலே கிடந்தது. அடுத்த சில நாட்களில் வயநாடு, பத்தனம்திட்டைப் பஞ்சாயத்துக் கணிப்பொறிகளிலும் பணம் கேட்கும் அறிவிப்புத் தெரிந்தது.

தாமதத்தால் வந்த கேடு அது. வேகத்தால் வந்தது 2024 ஜூலை 19. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு சிறு கோப்பை அனுப்பி, 10.57க்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த 78 நிமிஷத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் ரொம்பச் சின்னது. வந்த சீட்டு 21ஆவது விவரத்தைப் பார்க்கச் சொன்னது. உள்ளே இருந்த குமாஸ்தாவிடம் 20தான் இருந்தது. இல்லாத இடத்தில் கைவிட்டதும் மொத்தமும் சரிந்தது.

இதில் இன்னொரு விஷயம். ‘புதிய பதிப்பு எங்களுக்கு உடனே வேண்டாம், ஒரு படி பழையதே போதும்’ என்று ஏற்பாடு செய்திருந்த கம்பெனிகளும் விழுந்தன. அந்த ஏற்பாடு மென்பொருளை வாங்கும் குமாஸ்தாவுக்குத்தான் பொருந்தும். அவசரச் சீட்டு வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. சரியான கோப்பைத் திருப்பி அனுப்பலாமே என்றால், வாங்கக் குமாஸ்தா எழுந்தால்தானே? கணிப்பொறியே கிளம்பவில்லை. ஆள் நேரில் போய், ஒவ்வொன்றாய்ப் பாதுகாப்பு முறையில் திறந்து, கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அந்தச் சீட்டுகளையும் படிப்படியாக அனுப்பும் முறையும், எப்போது வாங்கிக்கொள்வது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கும் வசதியும் வந்தன.