நேரம் யார் கையில்? மக்களவை அன்றும் இன்றும்

நாடாளுமன்றம் கூடும் ஒவ்வொரு நாளுக்கும் ‘அலுவல் பட்டியல்’ ஒன்று முன்கூட்டியே வெளியாகும். மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். 12 மணிக்கு அமைச்சர்கள் ஆவணங்களைத் தாக்கல் செய்வார்கள். அடுத்து, அவசரப் பிரச்சினைகளை எழுப்ப பூஜ்ய நேரம். பிறகு மசோதாக்கள். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்களுக்கு உரியது. இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. அதற்குள் கிடைக்கும் நேரம்தான் தேய்ந்துவிட்டது.

1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது. ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள்கள். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்ய, சபாநாயகர் தலைமையில் அலுவல் ஆய்வுக் குழு 1952-இலேயே அமைந்தது. அந்தக் குழு இன்றும் இருக்கிறது, எதிர்க்கட்சியினரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை கூடியதோ 274 நாள்கள்தான். ஆண்டுக்கு 55 நாள்களை வைத்துக்கொண்டு எந்தக் குழு எதைப் பங்கிட்டுக் கொடுக்க முடியும்?

கேள்வி நேரத்தின் வலிமையை 1957 காட்டியது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை ஏன் போட்டது என்று அவையில் கேள்வி எழுந்தது. அமைச்சரின் பதில் திருப்தி தரவில்லை. ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே அதைக் கையிலெடுத்து, ஆதாரங்களை அவையில் அடுக்கினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தன் கட்சி அரசையே ஓர் உறுப்பினர் தயங்காமல் கேள்வி கேட்ட காலம் அது.

இன்று, அவையில் வாய்மொழியாகப் பதில் தர வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் நாளொன்றுக்கு 20 குலுக்கலில் தேர்வாகின்றன. அவற்றில் சிலவற்றுக்குத்தான் அவையில் நேரடியாகப் பதில் கிடைக்கிறது. அமளி என்றால் முதலில் பலியாவது 11 மணிக்குத் தொடங்கும் இந்த ஒரு மணி நேரம்தான். மாநிலங்களவை 2014-இல் கேள்வி நேரத்தை 12 மணிக்கு மாற்றிக்கொண்டது. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரிலோ, கொரோனாவைக் காரணம் காட்டி, இரு அவைகளிலும் கேள்வி நேரமே ரத்தானது.

மசோதாக்களின் பயணமும் மாறிவிட்டது. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தர முனைந்த இந்து சட்ட மசோதா ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்டது. அது இழுபட்டதில் மனம் வெறுத்துத்தான் 1951-இல் சட்ட அமைச்சர் அம்பேத்கர் பதவி விலகினார். 1955, 56-இல் நான்கு தனிச் சட்டங்களாகத்தான் அது நிறைவேறியது. அந்தத் தாமதம் பெண்களுக்கு இழைத்த அநீதியே. ஆனால் அவசரமும் அநீதியாகலாம். 2019 ஆகஸ்ட் 5 அன்று, ஒரு மாநிலத்தையே இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. படித்துப் பார்க்கக்கூட உறுப்பினர்களுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. 2021 நவம்பர் 29 அன்று, வேளாண் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமின்றி நிறைவேறியது. ஓராண்டு தெருவில் போராடிய விவசாயிகளின் கோரிக்கைக்கு அவையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

அன்று எல்லாமே சிறப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. துறைவாரியான நிலைக்குழுக்கள் அன்று கிடையாது. 1993-இல்தான் 17 குழுக்கள் வந்தன, 2004-இல் 24 ஆயின. கட்சி வேறுபாட்டைச் சற்று ஒதுக்கி, துறை வல்லுநர்களை அழைத்து வரிவரியாக மசோதாவை அலசும் இடங்கள் இவை. 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. ஆனால் 17-வது மக்களவைக் காலத்தில் 16 சதவீதம்தான்.

இந்தச் சரிவில் எல்லாக் கட்சிகளுக்கும் பங்குண்டு. 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். வாக்கு முன்பே முடிவாகிவிட்டதால் விவாதம் சடங்காகிறது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர், 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்ட எதிர்க்கட்சிகளின் முடக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் வீணானது. அவையை எப்போது கூட்டுவது என்ற அதிகாரமும் நடைமுறையில் அரசிடமே இருக்கிறது. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே அரசமைப்புச் சட்டத்தின் ஒரே கட்டுப்பாடு.

நேரம் கொடுத்தால் அவை எப்படி உயரும் என்பதும் நாம் கண்டதுதான். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. திருநர் உரிமைகளுக்காக, அமைச்சரல்லாத உறுப்பினரான திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. ஓர் அவை தனிநபர் மசோதா ஒன்றை ஏற்பது மிக அரிது. அது சட்டமாகவில்லை, ஆனாலும் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவரும் நிலையை உண்டாக்கியது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீடு குறித்து மக்களவை மணிக்கணக்கில் விவாதித்ததை நாடே நேரலையில் பார்த்தது. முதல் மக்களவைக் காலத்து வாக்காளருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

வழியும் புதிதல்ல. ஆண்டுக்கு எட்டு மாதம் அவை நடக்கும்படி நிரந்தர நாள்காட்டி வேண்டும் என்று மக்களவைக் குழு ஒன்று 1955-இலேயே பரிந்துரைத்தது. குறைந்தது 120 நாள்கள் மக்களவை கூட வேண்டும் என்று 2002-இல் அரசமைப்புச் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் சொன்னது. இவற்றைச் சட்டமாக்க வேண்டும். எந்த மசோதாவும் குழுவைத் தாண்டித்தான் அவைக்கு வர வேண்டும் என்பதும், வாரத்தில் ஒரு நாள் எதிர்க்கட்சிகள் கேட்கும் பொருளில் விவாதம் என்பதும் விதியாக வேண்டும். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்கும் நாம், எத்தனை நாள் அவையில் இருப்பீர்கள், எந்த மசோதாவில் பேசுவீர்கள் என்றும் கேட்போம். நம்மை ஆளும் சட்டம் படிக்கப்பட்டு, வாதிக்கப்பட்டு, திருத்தப்பட்டு வருவது நம் உரிமை.