சிறு நகரங்களின் குடிநீர்: கடைசிக் குழாய் வரை தூய்மை

நம் நாட்டின் சிறு நகரங்கள் பலவற்றில் குழாய்நீர் நாள் முழுவதும் வருவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் வரும். சில ஊர்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகின்ற வேளையில் குடம், தவலை, பிளாஸ்டிக் வாளி ஆகிய யாவும் நிரப்பி வைக்கப்படுகின்றன. மறுமுறை நீர் வரும்வரை குடிப்பதும் சமைப்பதும் அந்நீரைக் கொண்டே. நகராட்சியின் ஏடுகளில் அது சுத்திகரிக்கப்பட்ட நீர். படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் வடித்து, குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்ட நீர். ஆயினும் மழைக்காலம் தொடங்கியவுடன் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சட்காமாலையும் அந்நகரங்களில் தலைகாட்டுகின்றன. நீர்நிலையத்தை விட்டுப் புறப்பட்டபோது தூய்மையாக இருந்த நீர், வீட்டுக் குவளையை அடைவதற்குள் எங்கே கெடுகிறது என்பதே ஆராயத்தக்கது.

நீர்நிலையத்திலேயே தவறு நேருவதும் உண்டு. 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி மாநகரில் நிகழ்ந்தது அத்தகையது. நஜஃப்கர் ஓடையின் கழிவுநீர் யமுனையில் எதிர்த்தேறி, வசீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலை அடைந்தது. அதிகாரிகள் குளோரின் அளவை உயர்த்தினர். டைபாய்டு, சீதபேதி ஆகியவை பெருகவில்லை. ஆனால் சுமார் 29,300 பேர் மஞ்சட்காமாலைக்கு உள்ளாயினர். அது ஹெபடைடிஸ் ஈ என்னும் வைரசால் விளைந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான குளோரின், கலங்கிய நீரில் மறைந்துவரும் வைரசை ஒழிக்கப் போதாது என்பது அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம். கருவுற்ற பெண்களுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், இந்நோய் உயிருக்கே உலை வைக்கும்.

சிறு நகரங்களிலோ, பெரும்பாலும், கேடு வழியில்தான் நேருகிறது.

வெற்றுக் குழாயின் ஆபத்து

குழாய் நீர் நிரம்பி அழுத்தத்துடன் இருக்குமாயின், இணைப்பில் கசிவு இருந்தாலும் நீர் வெளியே செல்லுமேயன்றி வெளியிலுள்ளது உள்ளே புகாது. நீர் நிறுத்தப்பட்டதும் நிலைமை தலைகீழாகிறது. குழாய் வெறுமையாகும்போது அதனுள் காற்றழுத்தம் குறைகிறது. அருகில் தேங்கி நிற்கும் சாக்கடை நீரைக் கசிவின் வழியே அது உறிஞ்சிக் கொள்கிறது. சிறு நகரத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே ஓரத்தில் செல்வதும், வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையைக் குறுக்கிட்டே வீட்டினுள் நுழைவதும் யாவரும் அறிந்த காட்சியே. இதனுடன் மற்றொரு தீங்கும் சேர்ந்துள்ளது. நீர் போதாமையால் பல வீட்டார் தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுக்கின்றனர். அவர்கள் இழுப்பது பக்கத்து வீட்டின் பங்கை மட்டுமன்று. மண்ணிலுள்ள அழுக்கையும் சேர்த்தேயாகும். சட்டத்தால் தடுக்கப்பட்டும் இவ்வழக்கம் குறையாததற்கு மக்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. ஒரு மணி நேரமே வரும் நீர், மோட்டார் இல்லாத வீட்டை அடையாமலே போய்விடுகிறது.

கர்நாடகத்தின் ஹுப்பள்ளி–தார்வாட் இதற்குச் சான்று தருகிறது. அங்கே சில பகுதிகளுக்கு 2008ஆம் ஆண்டு முதல் இடைவிடாது நீர் வழங்கப்பட்டது. ஏனைய பகுதிகளுக்குப் பழைய முறையே நீடித்தது. ஆய்வாளர்கள் இரு பகுதிகளின் குழாய்நீரையும் ஓராண்டு ஒப்பிட்டனர். விட்டு விட்டு நீர் வந்த பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாதிரியில் ஈ.கோலை என்னும் மலக்கிருமி காணப்பட்டது. இடைவிடாது வந்த பகுதியில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மழைக்காலத்திலும், நீர் திறந்துவிடப்பட்ட முதல் சில நிமிடங்களிலும் மாசு மிகுந்திருந்தது. அந்த முதல் நீரைச் சிறிது நேரம் ஒதுக்கிவிட்டுப் பின்னர்ப் பிடிப்பது செலவில்லாத காப்பு. ஆனால் இரண்டு குடம் நீருக்காகக் காத்திருக்கும் இல்லத்தரசிக்கு அதைக் கொட்டிவிடும் மனம் எளிதில் வாராது. ஒதுக்கிய நீரைத் தரை கழுவவும் துணி துவைக்கவும் பயன்படுத்துமாறு கூறுவது நடைமுறைக்கு ஏற்றது.

எஞ்சிய குளோரின்

வழியில் நேரும் மாசைச் சமாளிக்கவே நீரில் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் கட்டற்ற குளோரின் இருத்தல் வேண்டும் எனவும், அதனை நுகர்வோரின் முனையில் சோதிக்க வேண்டும் எனவும் கூறுகிறது. வைரசுக்கு எதிராக லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஒரு மணி நேரம் நீடிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ.கோலை கூடக் காணப்படலாகாது. இவற்றுள் 'நுகர்வோரின் முனையில்' என்னும் சொற்களே நடைமுறையில் அதிகம் மறக்கப்படுபவை. தொட்டியடியில் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது எளிது. குழாய்த்தொடரின் கோடியிலுள்ள தெருவுக்குச் சைக்கிளில் சென்று சோதிப்பது எளிதன்று.

சிறு நகரங்களில் பெரும்பாலும் சலவைத்தூளே, அதாவது பிளீச்சிங் பவுடரே, பயன்படுகிறது. புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் குளோரின் கிடைக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இட 200 கிராம் குளோரின் வேண்டும். அதற்குச் சுமார் 600 கிராம் தூள் போதும். அத்தூள் வாய் திறந்த மூட்டையில், ஈரமான பம்ப் அறையில் மாதக்கணக்கில் கிடந்து 15 பங்காக வலுவிழந்திருந்தால், அதே 600 கிராம் தருவது 90 கிராம் குளோரினே. ஊழியர் வழக்கமான அளவைத் தவறாமல் இட்டிருப்பார். பதிவேடும் சரியாகவே இருக்கும். நீர் மட்டும் காப்பற்றதாகிவிடும். மூட்டையின் மேல் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குவதும், காற்றுப் புகாத கலத்தில் வைப்பதும், வலுவை அவ்வப்போது அளப்பதும் இதற்குப் பரிகாரம். கலங்கிய நீர் குளோரினை உண்டுவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆகவே மழைக்காலத்தில் வடிகட்டியைக் கவனியாது தூளை மட்டும் கூட்டுவது பயனற்றது.

சோதனை கடினமன்று. ஒரு குழல் நீரில் டிபிடி மாத்திரை ஒன்றை இட்டால், குளோரின் இருப்பின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே அளவைக் காட்டும். மலக்கிருமியை அறியக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவன அறிவியலார் 1982இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. மருந்து தோய்த்த தாள் அடங்கிய சிறு புட்டியில் நீரை நிரப்பி வைத்தால், மாசுள்ள நீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதனைச் செய்துகாட்ட இயலும்.

வீட்டினுள்

குழாய் நீர் தூய்மையாக வந்தபோதும் வீட்டுக் கலத்தில் அது கெடுவதை ஹுப்பள்ளி ஆய்வு காட்டிற்று. அகன்ற வாயுள்ள குடத்தில் குவளையை விட்டு மொள்ளும்போது விரல்களும் நீரில் நனைகின்றன, கேடு அங்கேதான். குறுகிய வாயும் மூடியும் அடியில் குழாயும் உள்ள கலமோ, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ இதனைத் தவிர்க்கும். நோய் பரவும் காலத்தில் நீரைக் கொதிக்கவைப்பதே உறுதியான வழி; நன்கு குமிழியிட்டுக் கொதித்தால் போதும், நெடுநேரம் எரிபொருளை வீணாக்க வேண்டுவதில்லை. எரிபொருள் அரிதான வீட்டில், 20 லிட்டர் நீருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்றை இட்டு அரைமணி நேரம் கழித்து அருந்தலாம். புளோரைடு மிகுந்த நீரைக் கொதிக்கவைத்தால் அது குறையாது, சற்றுச் செறிவே அடையும் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

வசதியுள்ளோர் இன்று ஆர்.ஓ. கருவியை நாடுகின்றனர். உப்பு மிகுந்த நிலத்தடி நீருக்கு அது ஏற்றது. ஆனால் விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். எண் கரைந்த உப்பை அளப்பதேயன்றிக் கிருமியை அளப்பதன்று. அக்கருவி கணிசமான நீரைக் கழிவாகவும் விடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள இடங்களில் அதனைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்தது. கருவி வாங்க இயலாத வீடு என்ன செய்வது என்பதற்கு இவ்வழியில் விடையில்லை.

அதற்கு விடை குழாயிலேயே உள்ளது. மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில், கராட் நகரை அடுத்த மல்காப்பூர், சுமார் 30,000 மக்கள் வாழும் ஊர். அங்கே 2009ஆம் ஆண்டு வாக்கில் புதிய குழாய்களும் வீடுதோறும் மீட்டர்களும் பொருத்தி, பயன்பாட்டிற்கேற்ப உயரும் கட்டணத்துடன் இடைவிடாத வழங்கல் தொடங்கப்பட்டது. நாள் முழுவதும் வருமெனில் சேமித்து வைப்பார் இல்லை. பழைய நீரைக் கொட்டுவாரும் இல்லை. ஆகவே நீர்ச் செலவு பெருகும் என்னும் அச்சத்திற்கு மீட்டரும் கட்டணமும் மறுமொழி கூறின. ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலையில் குழாயிலிருந்து நேரே பருகும் திட்டம் தொடங்கியது. அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த 'ஜலசாதி' பெண்கள் வீடுவீடாகச் சென்று கட்டணம் வசூலிப்பதுடன் குழாய்நீரையும் சோதிக்கின்றனர். மத்திய அரசு 2024இல் திருத்தி வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடும் இத்திசையையே காட்டுகிறது.

எல்லா ஊரும் இவ்வளவுக்கு உடனே உயர இயலாது. புதிய குழாய்க்குப் பெருந்தொகை வேண்டும். ஆனால் சோதனைக்குரிய இடத்தை மாற்றச் செலவு அதிகமில்லை. நீர் திறந்த முதல் கால்மணி நேரத்தில், தொட்டிக்கு மிகத் தொலைவிலுள்ள வீட்டின் குழாயிலும், அவ்வீட்டுக் குடத்திலும் ஒவ்வொரு மாதிரி எடுத்து, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் பதிவேட்டை ஒரு சுகாதார ஆய்வாளர் நாளையே தொடங்கலாம். குழாயில் நிறம் தோன்றாவிடில் தவறு நகராட்சியின் பக்கம். குழாயில் தோன்றி, அன்று காலை நிரப்பிய குடத்தில் தோன்றாவிடில், கவனிக்க வேண்டியது வீட்டுக் கலத்தை.