உரிமையை வாக்கெடுப்புக்கு விடலாமா? ஒருபாலினத் திருமணமும் பெரும்பான்மைக் கருத்தும்

ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: ‘மக்கள் இதை ஏற்பார்களா?’ நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கேட்கப்படும் இக்கேள்வி, நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும்கூடக் கேட்கப்படுகிறது. தலித் மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், பொதுத்தெருவில் நடக்கவும், கோயிலுக்குள் நுழையவும் நாம் உரிமை கோரியபோதெல்லாம் ‘ஊர் ஏற்குமா?’ என்றே கேட்டார்கள். ஆகவே, பெரும்பான்மைக் கருத்து, வாக்கு, உரிமை ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை நம் வரலாற்றின் வழியாக விளங்கிக்கொள்வது பயனுடையது.

கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் கூடும் இவ்வூரில் ஒருபுறம் உப்பளங்கள். மறுபுறம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். சிறுசேரி மென்பொருள் வளாகங்களுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். சொந்த ஊரின் கண்காணிப்பிலிருந்து விலகி வாழ இடம் தேடுவோரில் சாதி மறுத்து இணைந்தவர்களும் உண்டு. தன்பாலினத் துணையோடு வாழ்பவர்களும் உண்டு. வாடகை வீடு, மருத்துவமனைப் படிவம், வங்கிக் கணக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் ‘இவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்ற கேள்விக்குச் சட்டம் ஏற்கும் விடை முன்னவர்களிடம் இருக்கிறது. பின்னவர்களிடம் இல்லை.

இன்றைய சட்டநிலை

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோரின் இசைவுடனான தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று வெளியான சுப்ரியோ வழக்கின் தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். திருமணத்துக்கு நிகரான குடிமை இணைவை ஏற்க வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கவுல் ஆகிய இருவர் கருதினர். மற்ற மூவர் மறுத்தனர். அது சட்டமன்றங்களின் வேலை என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆண்–பெண் உறவில் உள்ள திருநர்கள் நடப்புச் சட்டங்களின்கீழ் மணம் புரியலாம் என்பதை ஐவரும் ஏற்றனர். இதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் திருநங்கையும் தொடுத்த வழக்கில், ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருந்தது.

சுப்ரியோ வழக்கில் ஒன்றிய அரசு முன்வைத்த வாதங்களில் ஒன்று நாம் கவனிக்க வேண்டியது. இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றும், மக்கள் பிரதிநிதிகளே இதனை முடிவு செய்ய வேண்டும் என்றும் அரசு வாதிட்டது. மாநிலங்களின் கருத்தையும் கேட்டுக் கடிதம் எழுதியது. ஏழு மாநிலங்கள் பதில் தந்தன. ராஜஸ்தான், அசாம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவை எதிர்த்தன. மற்ற நான்கும் அவகாசம் கேட்டன.

கருத்துக்கணிப்புகள் சொல்வதும் சொல்லாததும்

உண்மையில் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்தியாவில் 53 விழுக்காட்டினர் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்குவதை ஆதரித்தனர்; 43 விழுக்காட்டினர் எதிர்த்தனர். நாடு முழுவதும் எதிர்க்கிறது என்ற கூற்றை இந்த எண் ஆதரிக்கவில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்து மகிழ்ந்துவிடவும் முடியாது. இதே மையம் 2019-20இல் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், தம் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணம் புரிவதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 விழுக்காட்டினர் கூறினர். ஆண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 62 விழுக்காட்டினர். கேள்விகள் வேறு, ஆண்டுகளும் வேறு. ஆகவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட்டுவிடக் கூடாது. தொலைவில் உள்ள யாரோ இருவருக்குச் சட்டம் உரிமை தரலாமா என்று கேட்பது ஒன்று. தன் வீட்டுப் பெண் யாரை மணக்கலாம் என்று கேட்பது வேறொன்று. இருப்பினும் ஒரு முடிவு தவிர்க்க இயலாதது. திருமண உரிமையைப் பெரும்பான்மையின் ஒப்புதலோடு கட்டிவிட்டால், 1949 முதல் சட்டம் ஐயமின்றி ஏற்றுள்ள சாதி மறுப்புத் திருமணமே இந்நாட்டில் தோற்றுப்போகக் கூடும்.

தென் மாநிலங்களில் இந்த விகிதம் குறைவு என்பது ஆய்வு தரும் ஓர் ஆறுதல். ஆனால் ஆணவக் கொலைக்குப் பெரும்பான்மை தேவைப்படுவதில்லை. ஒரு குடும்பமும் அதற்குத் துணைநிற்கும் சாதியும் போதும். 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கரும், 2025-இல் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவினும் கொல்லப்பட்டது இதே தமிழ்நாட்டில்தான்.

குருவாயூர் தந்த பாடம்

ஓர் ஒடுக்கப்பட்ட பிரிவின் உரிமையைப் பிறரின் வாக்குக்கு விட்டால் என்ன நேரும் என்பதற்கு அன்றைய சென்னை மாகாணத்திலேயே ஒரு சான்று உண்டு. 1932-இல், மலபார் மாவட்டத்தின் பொன்னானி தாலுகாவில், குருவாயூர்க் கோயிலைத் தீண்டப்படாதோருக்குத் திறக்கலாமா என்று ஒரு கருத்து வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தவர்கள் கோயிலுக்குள் செல்லும் தகுதி பெற்றிருந்த சாதி இந்துக்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் வாக்கில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்ததில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் திறக்கலாம் என்றனர். இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும் கோயில் திறக்கவில்லை. 1947-இல்தான் அது எல்லோருக்கும் திறந்தது.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. முதலாவது, யாருடைய உரிமை பேசப்படுகிறதோ அவர் சிறுபான்மையாகவோ வாக்கற்றவராகவோ இருக்கும்போது, வாக்கெடுப்பு என்பது பிறரின் பெருந்தன்மையை எண்ணிப் பார்ப்பதாகவே முடிகிறது. இரண்டாவது, பெருந்தன்மை பெரும்பான்மையாக இருந்தபோதும், சட்டத்தின் கட்டாயம் இல்லாமல் கதவு திறப்பதில்லை.

நம் செங்கல்பட்டு மண்ணின் வரலாறும் இதையே சொல்கிறது. 1891-இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். மிராசுதாரர்கள் அம்மக்களை நிலமும் மனையும் பெறவிடாமல் தடுத்ததை அது பதிவு செய்தது. அதன் வழியில்தான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஊர்ப் பெரும்பான்மையையோ மிராசுதாரர்களையோ கேட்டு முடிவு செய்திருந்தால் ஒரு காணி நிலமும் நமக்கு வந்திராது. இதே மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் அனைவருக்கும் உரியனவாக்கும் தீர்மானத்தை 1924-இல் சட்டமன்றத்தில்தான் கொண்டுவந்தார். ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதலுக்காக அவர் காத்திருக்கவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

அயர்லாந்து 2015 மே 22 அன்று பொது வாக்கெடுப்பின் வழியாக ஒருபாலினத் திருமணத்தை ஏற்றது. 62 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அங்கு அரசமைப்பைத் திருத்த வாக்கெடுப்பு கட்டாயம். தைவானின் கதை இதற்கு நேர்மாறானது. 2017-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இரண்டாண்டுக்குள் சட்டம் இயற்றுமாறு ஆணையிட்டது. 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், குடிமைச் சட்டத்தில் திருமணம் ஆண்–பெண்ணுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்று 72 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஆயினும் உரிமையை மறுக்க அது போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. 2019 மே 17 அன்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பின்னர் நிகழ்ந்ததுதான் முக்கியம். அரசு நடத்திய கணிப்புகளில் 2018-இல் 37.4 விழுக்காடாக இருந்த ஆதரவு, 2021-இல் 60.4 விழுக்காடாக உயர்ந்தது. சட்டம் வந்தபின் அண்டை வீட்டில் வாழும் இணையரைக் கண்ட மக்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் இனக்கலப்புத் திருமண வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணம் புரிவதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இல் நீக்கியது. அடுத்த ஆண்டு காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் அத்தகைய திருமணத்தை ஏற்றவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. 2021-இல் அது 94 விழுக்காடு. அலபாமா மாநிலத்தில், செயலற்றுப் போயிருந்த அந்தத் தடையைத் தம் அரசமைப்பிலிருந்து நீக்க 2000-ஆம் ஆண்டில்தான் வாக்கெடுப்பு நடந்தது. அப்போதும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தடை இருக்கட்டும் என்றே வாக்களித்தனர். மக்கள் மனம் மாறும்வரை காத்திருந்திருந்தால் எத்தனை தலைமுறைகள் கழிந்திருக்கும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

1967: வாக்கு உரிமையாக மாறிய தருணம்

அப்படியென்றால் வாக்குக்கு மதிப்பில்லையா? உண்டு. அதற்கும் தமிழ்நாடே சான்று. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. தந்தை பெரியாரின் அழைப்பை ஏற்றுப் பல்லாண்டுகளாக மணந்துகொண்ட இணையர் பலரின் உறவைச் சட்டம் அங்கீகரிக்க மறுத்தது. 1967 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அத்திருமணங்களைச் செல்லத்தக்கவை ஆக்கியது. முன்பே நடந்தவற்றுக்கும் அது பொருந்தியது.

இங்கே நடந்தது உரிமை மீதான வாக்கெடுப்பு அன்று. ‘சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறீர்களா?’ என்று ஊர் ஊராகக் கேட்கவில்லை. நீண்ட காலம் பரப்புரை செய்த ஓர் இயக்கம், கொள்கையை மறைக்காமல் தேர்தலில் நின்று, அதிகாரம் பெற்றுச் சட்டம் செய்தது. அரசமைப்புக்குக் கட்டுப்பட்ட சட்டமன்றத்தில் விழும் வாக்குக்கும், ஒரு சிறுபான்மையின் வாழ்வைப் பெரும்பான்மை எடைபோடும் வாக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மேலும், திருமணம் என்பது அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். அதனால்தான் மாநிலச் சட்டமன்றம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் அத்திருத்தத்தைச் செய்ய முடிந்தது. உச்ச நீதிமன்றம் ‘சட்டமன்றத்தின் வேலை’ என்று கூறியிருப்பது நாடாளுமன்றத்துக்கு மட்டும் பொருந்துவது அன்று.

இது ஏன் தலித்துகளின் பிரச்சினை?

‘நம் பிரச்சினைகளே ஆயிரம் இருக்க, இது எதற்கு?’ என்று நம்மிடையே சிலர் கேட்பதுண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். 1954-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, மணம் புரிய விரும்புவோர் முன்னறிவிப்புத் தர வேண்டும். அது அலுவலகத்தில் பலர் காண ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சாதியும் மதமும் கடந்து மணப்பவர்களுக்கு அந்த 30 நாட்கள் உயிருக்கு ஆபத்தான நாட்கள். சுப்ரியோ வழக்கின் மனுதாரர்களும் இந்த அறிவிப்பு முறையை எதிர்த்தே வாதிட்டனர். பிறந்த வீட்டிலிருந்தே வரும் வன்முறையையும் அவர்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். சாதியைக் காக்க மகளைப் பூட்டிவைக்கும் வீடும், தோழியோடு வாழ விரும்பும் மகளைப் பூட்டிவைக்கும் வீடும் ஒரே அதிகாரத்தால்தான் இயங்குகின்றன. தலித்தாகவும் பால்புதுமையராகவும் இருப்பவர் இரண்டு பூட்டுகளையும் உடைக்க வேண்டியிருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதனைப் பிறர் பிரச்சினை என்று ஒதுக்கவில்லை. பாலியல் நலம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு விடையளித்ததற்காக மராத்தி இதழாசிரியர் ர.தோ. கார்வே மீது தொடரப்பட்ட ஆபாச வழக்கில், 1934-இல் அவருக்காக வழக்காடியவர் அம்பேத்கரே. தன்பாலீர்ப்பு குறித்த விடைகளும் அவ்வழக்கில் குற்றமாகக் காட்டப்பட்டிருந்தன. வழக்கு தோற்றது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அவர் முன்வைத்த ‘அரசமைப்பு ஒழுக்கம்’ என்ற கருத்தோ, 377ஆம் பிரிவை வீழ்த்திய தீர்ப்பின் தூண்களில் ஒன்றாயிற்று.

கேட்க வேண்டியவை

சென்னை உயர் நீதிமன்றம் சில வழிகளைத் திறந்திருக்கிறது. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். இப்பொருளை விளங்கிக்கொள்ளத் தாமே உளவியலாளரிடம் அமர்வு மேற்கொண்டதை அவர் ஒளிக்கவில்லை. 2023 நவம்பரில், இணையர் தம் உறவைப் பதிவு செய்யும் குடும்பப் பிணைப்பு ஆவணத்தை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 2025 மே மாதம், பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்தை அமைக்கும் வழி அன்று என்றது. ஒன்றிய அரசும் 2024-இல், தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும், குடும்ப அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதப்படலாம் என்றும் தெளிவுபடுத்தியது. இவை சலுகைகளே, உரிமைகள் ஆகிவிடவில்லை.

2024 தேர்தல் அறிக்கைகளில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் தன்பாலின இணையருக்குச் சட்ட ஏற்பு தருவதாகக் கூறின. கேளம்பாக்கம் அடங்கிய திருப்போரூர், 2021-இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வென்ற தொகுதி. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியோ தனித்தொகுதி. இங்கு வாக்கு கேட்டு வருவோரிடம் நாம் கேட்கத்தக்கவை தெளிவானவை. குடும்பப் பிணைப்புப் பதிவுக்கு மாநிலச் சட்டம் கொண்டுவருவீர்களா? சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பை நீக்கக் குரல் கொடுப்பீர்களா? ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்தில் பால்புதுமை இணையருக்கும் பாதுகாப்பு இருக்குமா?

‘மக்கள் ஏற்பார்களா?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்கக் கூடும். 1967-இல் மக்கள் ஏற்றார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். நம்மை ஊர் ஏற்கும்வரை காத்திருக்கச் சொன்னவர்களுக்கு நாம் இணங்கவில்லை. அதே காத்திருப்பை வேறொருவர்மீது சுமத்த நமக்கு நியாயமில்லை.