ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

கோவையிலிருந்து சென்னைக்கு வேலை மாறி வரும் வாசகர் ஒருவர், வாடகைக்கு வீடு பார்த்து அலைந்ததை விவரமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில். கொட்டிவாக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் பார்த்தார். முதலாவது பழைய வீடு, பின்கட்டில் உறைக்கிணறு. தண்ணீரை வாயில் வைக்க முடிந்தது. சில வீடுகள் தள்ளிப் புதிதாக எழுந்த அடுக்ககம். குழாயைத் திறந்தால் கரிப்பு. இரண்டுக்கும் கடல் ஏறக்குறைய ஒரே தூரம். “அதே மண்ணு, அதே மழை. அப்புறம் எப்படிங்க இப்படி?” என்கிறார். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு; ஆதங்கம் நியாயம்தான்.

வீடு தேடித் தரும் இணையதளங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. அவை ஏரியாவுக்கு மதிப்பெண் போடும் தொழிலில் மும்முரமாக இருக்கின்றன: பள்ளிக்கு இத்தனை, மெட்ரோ ரயிலுக்கு இத்தனை, ‘வாழ்க்கைத் தரம்’ என்ற பெயரில் மொத்தமாக ஐந்துக்கு நாலே சொச்சம். அந்தச் சொச்சம் எப்படி வந்தது என்று சொல்ல ஆளில்லை. விளம்பரங்களில் ‘24 மணி நேரமும் தண்ணீர்’ என்று இருக்கும். எந்தத் தண்ணீர் என்று இருக்காது. சென்னையில் வீடு பார்த்த அனுபவமுள்ள எந்த அத்தையும் முதலில் கேட்பது “தண்ணி எப்படி?” என்றுதான். ஏரியாவின் பெயரை வைத்து அதற்குப் பதில் சொல்லவே முடியாது என்பதை வாசகரின் இரண்டு வீடுகள் காட்டுகின்றன.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே நீளும் கரை ஒரு மணல் பட்டை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். ஓதம் ஏறும்போது அதிலும் உப்புத் தண்ணீர் வரும். இரண்டு உப்புக்கும் நடுவே நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து. மணலில் விழும் மழை நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரோடு அது சேர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் சேர்வதில்லை, மேலே மிதக்கிறது. கடல்நீர் மழைநீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. மணல் இடுக்குகளில் தண்ணீர் நகர்வதே மெல்ல மெல்லத்தான். கலக்கிவிட அலையோ காற்றோ அங்கே கிடையாது.

அந்த 2.5 சதவீதம் செய்யும் வேலை இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தின் ருசியே. கடல்மட்டத்துக்கு 40 மீட்டர் கீழே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கடல்நீர் தரும் அழுத்தம் 40 பெருக்கல் 1.025, அதாவது 41. இதை எதிர்த்து நிற்க நல்ல தண்ணீருக்கு 41 மீட்டர் உயரம் வேண்டும். நாற்பது போக மிச்சமிருக்கும் ஒரு மீட்டர் கடல்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும். திருப்பிப் போட்டால் கதை புரியும்: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரே ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் போதும், அதற்குக் கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் தாக்குப்பிடிக்கும்.

இப்போது மோட்டாரைப் போடுங்கள். மேலே இருந்த ஒரு மீட்டர் அரை மீட்டராகிறது. கீழே எல்லைக்கோடு நாற்பதிலிருந்து இருபதுக்கு ஏறி வரப் பார்க்கும். மேலே இழந்தது அரை மீட்டர். கீழே கட்டிய தண்டம் 20 மீட்டர்.

கல்யாணப் பந்தியில் ரசம் பரிமாறுகிறவருக்கு இதில் பாதி தெரியும். மேலே தெளிவு, அடியில் மண்டி. தெளிவு வேண்டுமானால் கரண்டியை மேலோட்டமாக விட்டு மொள்ள வேண்டும். அடிவரை விட்டால் மண்டிதான் வரும். உறைக்கிணறு மேல்கரண்டி, ஆழ்துளைக் கிணறு அடிக்கரண்டி. ஆனால் இந்தப் பந்தியில் பரிமாற ஆளில்லை. இலைக்கு ஒருவர் கையில் கரண்டி. வாளி ஒன்றே ஒன்று. நான்கு மாடிக்காரர் அடியைத் துழாவினால், எதிர் வரிசையில் பவ்யமாக மேலே மொண்டுகொண்டிருக்கும் பெரியவரின் இலையிலும் மண்டி விழும். கரண்டியை எடுத்த கையோடு ரசம் தெளிந்துவிடாது. சமையற்காரர் வந்து தெளிவாக ஒரு குடம் விட்டு நீட்ட வேண்டும். அவர் வருவது அக்டோபரில். இதுவரை சரி. ஆனால் மேலே ஒரு கரண்டி எடுத்ததற்காக நாற்பது கரண்டி உயரத்துக்கு மண்டி எழும்பி வரும் ரசத்தை எந்தச் சமையற்காரரும் வைத்ததில்லை. அந்த இடத்தில் ரசத்தை விட்டுவிட்டு இயற்பியலோடுதான் போக வேண்டும்.

மோட்டார் இழுக்கும்போது குழாய்க்கு நேர் கீழே மட்டும் உப்புநீர் கூம்பு மாதிரி மேலெழும். கூம்பின் நுனி குழாயைத் தொடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கிணற்று நீரில் கலந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைப்பு. இரண்டு பங்கே முதல் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அடுக்ககத்தின் கரிப்புக்குக் கடல் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே போதும்.

கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நல்ல தண்ணீருக்கும் உப்புக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் எல்லை கிடையாது. இரண்டும் கலங்கிய ஒரு பட்டை இருக்கும். கூம்பு எழ நாளாகும், இறங்க அதைவிட நாளாகும். சென்னைக் கரையில் மணல் எல்லா இடத்திலும் அவ்வளவு ஆழம் போவதுமில்லை; அடியில் பாறை குறுக்கிடும். பாறைவரை இறங்கிய குழாய் அதன் விரிசல்களில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். அது வேறு தண்ணீர்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே இந்த நாற்பது மடங்கைக் கண்டுசொன்னார்கள். இருவர் பெயரும் விதிக்கு நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் டுகொம்மன் என்பவர் 1828-லேயே இதைத்தான் எழுதியிருந்தார். அவர் பெயரைப் பாடப்புத்தகங்கள் அபூர்வமாகவே சொல்கின்றன. ராமநாதபுரம் கரையில் மணலை ஆழமில்லாமல் பறித்து, ஊற்றில் கசிவதைக் கொட்டாங்கச்சியால் அலுங்காமல் மொண்டு குடம் நிரப்பும் பெண்களை எந்தப் புத்தகமும் இந்த விதியோடு சேர்த்துப் பேசுவதில்லை. மேலோட்டமாக எடுக்க வேண்டும் என்பதை அவர்கள் செய்தே காட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் இப்படித்தான் கடல்நீர் மேல் தங்கியிருக்கிறது. அடியில்லாத கிணறு என்று ஊர் சொல்லும் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர். ஆழம் போகப் போக உப்பு. வடசென்னைப் பக்கம் மீஞ்சூரில் நடந்தது இதன் மறுபக்கம். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்குமாகப் பல பத்தாண்டுகள் இறைத்ததில், கடல்நீர் நிலத்தடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது.

இனி வாசகரின் வீட்டு வேட்டைக்கு வருவோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு மனையில் விழுவதை மட்டும் கணக்கிட்டால் மூன்று லட்சம் லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் லாரியில் இருபத்தாறு லோடு. இதில் பாதிக்கு மேல் அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் பொங்கல் சமயத்தில் இந்தக் கரையில் எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். அப்போது ருசி பார்த்து அட்வான்ஸ் கொடுப்பவர், மே மாதத்தில் வேறொரு தண்ணீரில் குளிக்க நேரும். பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் வீடு மாறுகிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் கிடையாது. வெயிலில் அலைந்ததற்கு அதுவாவது மிச்சம்.

2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அடுத்து வந்த நல்ல மழையில் சென்னையின் பல இடங்களில் கிணறுகள் ஏறின, உப்பும் தணிந்தது. பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய்கள் காகிதத்தில் மட்டும் மிஞ்சின. வாசகர் மொட்டை மாடிக்குப் போய், மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். கிணற்றிலோ, ஜல்லி போட்ட குழியிலோ முடிந்தால் நல்லது. பாதியில் உடைந்து வாசல் சிமெண்டுத் தரையில் கொட்டினால், அந்த வீடு தன் பங்குக்கு வாளியில் ஒரு சொட்டும் சேர்க்காமல் மொள்ளுகிற வீடு.

தண்ணீரைச் சோதிக்க டிடிஎஸ் பேனா என்று ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாட்டர் ஃபில்டர் விற்க வருபவர் தம்ளரில் அதை முக்கி, எண்ணைக் காட்டி, முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வார். பேனா அளப்பது தண்ணீரின் மின் கடத்தலை. அதை ஒரு எண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. அந்த உப்பு கடலின் சோடியமா, பருப்பை வேகவிடாத கால்சியமா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருப்பது சுத்தமாகத் தெரியாது. உறைக்கிணற்றின் பலவீனமே அங்கேதான். ஆழமில்லாத கிணறு, நாலடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டி. தண்ணீர் இனிக்கவும் செய்யும், வயிற்றையும் கெடுக்கும். வாசகருக்குப் பிடித்த அந்தப் பழைய வீட்டில் குளிக்க, துவைக்கக் கிணற்று நீர் போதும். குடிக்க மெட்ரோ வாட்டரைக் காய்ச்சிக்கொள்வதே உத்தமம்.

பேனா இல்லாமலே சில சங்கதிகள் தெரியும். குளியலறைக் குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கடினநீர். வாஷ்பேசினில் சொட்டு விழும் இடத்தில் துருக் கோடு இருந்தால் இரும்பு. புதுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கும் வீடுகளிலும் ஃப்ளஷ் தொட்டியின் உள்பக்கத்தை யாரும் துடைத்து வைப்பதில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாம்.

மூன்றாவதாக வாசகர் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டையும் குறிப்பிட்டிருக்கிறார். அங்கே நாற்பது மடங்குக் கணக்கு எடுபடாது. பாறையும் களிமண்ணும் கலந்த பூமி, பக்கத்துப் பக்கத்து போர்களே ஒத்துப்போகாது. கவலைப்பட வேண்டியது வேறு தண்ணீரைப் பற்றி. சுற்றுவட்டார மழையெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி வடிகிற பாதை அது. சதுப்பு முன்பு இருந்ததில் சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. 2022-ல் அது ராம்சார் பட்டியலில் ஏறியதால் வடிகால் அகலமாகிவிடவில்லை. 2015-லும் 2023-லும் டிசம்பரில் அந்தப் பக்கம் வெள்ளம் நின்றது. எந்தப் படிவரை நின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்கலாம்.

கொட்டிவாக்கத்து அடுக்ககத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. வாட்ச்மேனிடம் விசாரிக்க வேண்டியவை சில உண்டு: போர் எத்தனை அடி, ஒரு மோட்டாருக்கு எத்தனை வீடு, மே மாதத்தில் லாரி வருமா, மெட்ரோ வாட்டர் சம்ப்பில் தனியாக நிற்கிறதா, போர் தண்ணீரோடு கலந்து மேலே ஏறுகிறதா. 2019 ஜூனில், நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அந்த வீடுகள் பலவற்றுக்கும் லாரிதான் கதி. லாரிக் காசு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியாகப் பங்கு போடுவார்களா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. போன ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதுகளையும் காட்டச் சொல்லலாம். எத்தனை லோடு இறங்கியது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.